கமராவைத் திட்டுவதற்கு முன்: மட்டக்களப்பில் படமெடுக்கப் பழகுகிறவருக்கு

பழைய கமரா ஒன்றையும் அதனோடு வந்த 18-55 மிமீ லென்ஸையும் வாங்கிய முதல் மாதத்தில் ஆயிரத்துக்கு மேல் படம் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டி, நகரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கமராவைத் தொடவே இல்லை. “கார்டைத் தாரும்” என்றார். கணினியில் ஒரு படத்தைத் திறந்து, பெரிதாக்கி, “இதில் எந்த இடம் கூர்மையாக இருக்கிறது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் படத்தை நானே அதுவரை உற்றுப் பார்த்ததில்லை.

கீழே உள்ளவை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை. பிழை தெரிந்தவுடன் பொத்தானைத் திருகாதீர்கள். முதலில் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அடுத்து, அந்தப் படம் எந்த ஷட்டர் வேகத்தில் (வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே வந்தது), எந்த அப்பெர்ச்சரில் (லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருந்தது; எஃப் எண்ணாகக் காட்டும்), எந்த ஐ.எஸ்.ஓவில் (வெளிச்சத்தைக் கமரா எவ்வளவு தூக்கிக் காட்டியது) எடுக்கப்பட்டது என்று பாருங்கள். ஒவ்வொரு படமும் இந்த மூன்றையும் தன்னோடு எழுதி வைத்திருக்கிறது. கைபேசியில் எடுத்தாலும் அப்படித்தான்.

படம் கலங்கியிருக்கிறது

இதுதான் எல்லோருக்கும் வருகிற முதல் புகார். இதில் மூன்று வேறு வேறு நோய்கள் ஒரே முகத்தோடு நிற்கின்றன. மருந்து மாறினால் குணமாகாது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகிறேன்.

என் உதாரணம் மண்முனைப் பாலத்தடியில் விடியற்காலையில் வீச்சுவலை எறிகிற ஒரு பெரியவர். நான் மாமா என்று அழைப்பேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று, வலையை மடித்து முழங்கையில் ஏற்றி, மணிக்கட்டிலிருந்து ஒரு பகுதியைத் தொங்கவிட்டு, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி விடுவார். வலை காற்றில் வட்டமாக விரிந்து, ஈயக் குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும். அந்த வட்டத்தைத்தான் நான் விரும்பினேன். எனக்குக் கிடைத்ததோ சாம்பல் நிறப் புகை.

முதல் படத்தைப் பெரிதாக்கினோம். பின்னால் இருந்த கண்டல் மரங்கள், கரையில் கட்டியிருந்த தோணி, மாமாவின் தோள், வலை, எல்லாமே ஒரே பக்கமாகச் சற்று இழுபட்டிருந்தன. தண்ணீரில் மின்னிய ஒளிப்புள்ளிகள்கூடச் சின்னச் சின்னக் கோடுகளாக நின்றன. எல்லாம் ஒரே திசையில் இழுபட்டால் அசைந்தது கமரா. அதாவது என் கை. தகவலைப் பார்த்தால் 1/30 வினாடி. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகத்தின் கீழ் எண் லென்ஸின் குவிய நீளத்துக்கு (லென்ஸில் மிமீயில் எழுதியிருக்கும் எண்) குறையக் கூடாது என்பது பழைய விதி. நம்மிடம் இருக்கும் சிறிய சென்சர் (படம் பதியும் தகடு) கமராக்களுக்கு அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். 55 மிமீ என்றால் ஏறக்குறைய 1/80. அதற்குக் கீழே போனால் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள், பாலத்துத் தூணில் சாயுங்கள், மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் அழுத்துங்கள்.

இரண்டாவது படம் 1/125. கண்டல் இலைகளை எண்ணலாம், தோணியின் பலகைப் பொருத்துகூடத் தெரிகிறது. வலை மட்டும் புகை. பின்னணி கூர்மை, ஆள் கலக்கம் என்றால் அசைந்தது ஆள். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு இதற்கு ஒரு பயனும் தராது. அது உங்கள் கையைத் திருத்துமே தவிர மாமாவின் கையைத் திருத்தாது. விரிகிற வலையை நிறுத்த 1/1000 வேண்டும். சூரியன் எழுந்து சற்று ஏறிய பிறகு, எஃப் 5.6இல், ஐ.எஸ்.ஓ 800 வைத்தால் அந்த வேகம் கிடைக்கும். சூரியன் எழுவதற்கு முன்பே நின்று அதே வேகத்தைக் கேட்டால் கமரா 6400க்கும் மேலே போகச் சொல்லும். நம் பக்கத்தில் விடியல் வெளிச்சம் விறுவிறுவென்று ஏறும். இருபது நிமிடம் பொறுத்தால் போதும். அதுவரை தேநீர் குடியுங்கள்.

மூன்றாவது படம்தான் எனக்கு வெட்கம் தந்தது. வேகம் 1/1000. வலை கலக்கம், மாமா கலக்கம், தோணியும் கலக்கம். ஆனால் படத்தின் இடது மூலையில் என் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கண்டல் கிளை ஊசிபோல் கூர்மை. இது ஃபோகஸ் தவறிய படம். எந்தப் புள்ளியில் ஃபோகஸ் செய்வது என்பதைக் கமராவின் விருப்பத்துக்கே விட்டிருந்தேன். அப்படி விட்டால் அது பெரும்பாலும் மிக அருகே இருப்பதைத்தான் பிடிக்கும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அந்தப் புள்ளியை நாமே ஆளின் மீது வைக்க வேண்டும். மாமா தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பார் என்பதால், பொத்தானைப் பாதி அழுத்தியிருக்கும் வரை ஃபோகஸ் விடாமல் தொடரும் முறைக்கும் மாற்றினேன்.

ஆக, எல்லாம் இழுபட்டால் கை; ஆள் மட்டும் இழுபட்டால் வேகம்; வேறு எங்கோ கூர்மை இருந்தால் ஃபோகஸ். எங்கேயுமே கூர்மை இல்லை, இழுபடவும் இல்லை, எல்லாம் பால் படிந்ததுபோல் இருக்கிறது என்றால் லென்ஸைத் துடையுங்கள். கடற்காற்றில் ஒரு மணி நேரம் நின்றாலே கண்ணாடியில் உப்பு படியும். கைபேசியில் எடுப்பவருக்குப் பெரும்பாலும் விரல் எண்ணெய்தான் காரணம்.

முக்காலியில் வைத்தும் கலங்குகிறது

கல்லடிப் பாலத்தில் இரவில் நின்று எடுத்தீர்களா? 2013இல் திறந்த புதிய பாலத்தில் பஸ் ஒன்று கடந்து போகும்போது கையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துப் பாருங்கள். நடுக்கம் தெரியும். பத்து வினாடி ஷட்டர் திறந்திருக்கும்போது அந்த நடுக்கம் முழுதும் படத்தில் இறங்கும். பாலத்தின் மேல் நிற்காமல் கரையில் இறங்கிப் பாலத்தையே எடுங்கள், படமும் நன்றாக வரும். கரையில் நின்றும் கலங்கினால் பொத்தானை அழுத்தும் விரலைச் சந்தேகியுங்கள். இரண்டு வினாடி டைமர் வையுங்கள். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுவது நல்லது.

கடற்கரையில் முகம் கறுத்துப் போகிறது

நம் கடல் கிழக்கே இருக்கிறது. கல்லடிக் கடற்கரையில் காலையில் கடலைப் பின்னணியாக வைத்து ஆளை நிறுத்தினால் சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால். கமரா என்ன செய்கிறது? தன் முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்து, அந்தச் சராசரியை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கிறது. படத்தின் முக்கால் பங்கு பளிச்சிடும் வானமும் கடலும் என்றால், அவற்றைச் சாம்பலாக்க எல்லாவற்றையும் இருட்டாக்கும். முகம் அதோடு சேர்ந்து மூழ்கும்.

மருந்து: வெளிச்ச ஈட்டுப் பொத்தானை +1க்கு நகர்த்துங்கள். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் அது. போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். வானம் வெளுத்துப் போகும், போகட்டும். வானமும் வேண்டும் முகமும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் ஆளைத் திருப்பி நிறுத்தலாம். அல்லது வாவிப் பக்கம் போகலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று அமைந்த ஊர் நமக்கு வாய்த்திருக்கிறது. காலையில் வாவிக்கரையில் மேற்கே பார்த்து நின்றால் வெளிச்சம் நம் முதுகிலிருந்து ஆளின் முகத்துக்குப் போகும். மாலையில் கடற்கரையில் கிழக்கே பார்த்தால் அதே கதை. காசு செலவில்லாத விளக்கு இது.

வெள்ளை வேட்டி கட்டிய கூட்டத்தை எடுக்கும்போதும் இதே நோய் வரும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கக் குளக்கரையில் நின்று எடுத்த என் படங்களில் வேட்டிகள் எல்லாம் அழுக்குச் சாம்பல், முகங்கள் கரி. அங்கேயும் +1 தான். மாறாக, இருட்டான மண்டபத்துக்குள் கருங்கல் சிலையை எடுத்தால் கமரா கல்லைச் சாம்பலாக்கி வெளுக்கவைக்கும். அங்கே -1.

இங்கே ஒரு கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். முகம் கறுத்துத் தெரிகிறது என்றவுடன் கணினியில் தோலை வெளுப்பாக்கித் தருவது நம் கலியாணப் படங்களில் வழக்கமாகிவிட்டது. வெளிச்சம் குறைந்த படமும் கறுத்த தோலும் ஒன்றல்ல. வெளிச்சத்தைச் சரியாக வையுங்கள். கறுப்பு அதன் மினுக்கத்தோடு அப்படியே இருக்கட்டும்.

கண்ணுக்குழி இருண்டு கிடக்கிறது

நண்பகலில் எடுத்திருக்கிறீர்கள். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் பெரிதாகச் சரிந்துவிடாது. நெற்றி வெளுக்கும், கண் இருளும். வேப்ப மர நிழலுக்கோ திண்ணைக்கோ ஆளை அழைத்துப் போங்கள். பகலில் ஃபிளாஷ் போடுவதைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், அந்தக் குழியை நிரப்ப அது உதவும்.

கூத்துப் படத்தில் கோடு கோடாக விழுகிறது

நம் பக்கத்து நாட்டுக்கூத்தில் ஒரு வகையான வடமோடிக் கூத்து அரங்கேற்றம் ஒன்றுக்குக் கமராவோடு போனேன். கூத்து ஆடும் வட்ட மேடையான வட்டக்களரியைச் சுற்றிக் கட்டியிருந்த விளக்குகள் கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத்தான் தெரிந்தன. 1/500இல் எடுத்த படங்களில் அரசனின் கிரீடம் வெளிச்சத்தில், மார்பு இருட்டில், கால் மறுபடி வெளிச்சத்தில். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்று மஞ்சள், மற்றது பச்சை. கமராவின் ஷட்டர் செத்துவிட்டது என்று அன்றிரவு நம்பினேன்.

செத்தது ஷட்டர் அல்ல. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதில் எரியும் குழல் விளக்கும் மலிவான எல்.இ.டி. விளக்கும் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண் அதைக் கவனிப்பதில்லை. 1/500 வினாடி திறக்கும் ஷட்டர் அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்கிறது. அதனால் கோடு. 1/100 வைத்தால் ஒரு முழு ஏற்ற இறக்கம் உள்ளே வந்துவிடும், 1/50 வைத்தால் இரண்டு. கோடு மறையும். சத்தமில்லாத மின்னணு ஷட்டர் உள்ள கமரா என்றால் அதை அணைத்துவிட்டுச் சாதாரண ஷட்டருக்கு வாருங்கள். மின்னணு ஷட்டரில் இந்தக் கோடுகள் இன்னும் மோசமாக விழும். நிறம் மாறுவதற்கும் பாதிக் காரணம் இதுவே. மீதிக்கு ரா கோப்பாக (கமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்து வைத்தால் வீட்டில் வந்து நிறத்தைத் திருத்தலாம்.

ஆனால் 1/100இல் துள்ளி ஆடுகிறவர் கலங்குவாரே? கலங்குவார். ஸ்டூடியோ அண்ணனிடம் இதைக் கேட்டபோது, “கூத்தைப் பார்த்தீரா, கமராவையே பார்த்துக்கொண்டிருந்தீரா?” என்றார். அடுத்த தடவை முதல் ஒரு மணி நேரம் கமராவைப் பையிலேயே வைத்திருந்தேன். கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் ஒரு தாளக்கட்டை முடித்து வைக்கும் இடத்தில் ஆடுகிறவர்கள் ஒரு கணம் நின்று நிமிர்கிறார்கள். துள்ளும்போதும் உச்சியில் உடம்பு ஒரு நொடி தொங்குகிறது. காதில் தாளம் ஏறிவிட்டால் விரல் தானாக அந்த இடத்தில் அழுத்தும். அன்று 1/100இல் எடுத்தவற்றில் பதினொரு படங்கள் தேறின. விடியும்வரை இருந்ததற்கு அது நல்ல கணக்கு.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பில் வேறு சிக்கல். தீக்குழியின் செம்மையை வெள்ளையாக்கிக் காட்டுகிறேன் என்று கமரா அடம்பிடிக்கும், முகங்கள் நீலமாகிவிடும். வெண்மைச் சமநிலையை (எது வெள்ளை என்று கமரா முடிவுசெய்யும் அமைப்பு) தானியங்கியிலிருந்து எடுத்துப் பகல் வெளிச்சக் குறியில் நிறுத்திவிடுங்கள். தீ தீயாகவே இருக்கும். ஃபிளாஷ் வேண்டாம். படத்துக்காக அல்ல, நடந்து வருகிறவரின் கண்ணுக்காக.

லென்ஸ் திடீரெனப் புகைபிடித்ததுபோல் ஆகிறது

கொழும்பிலிருந்து இரவு முழுவதும் குளிரூட்டிய பஸ்ஸில் வந்து, விடியற்காலை இறங்கியவுடன் பையைத் திறந்திருப்பீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர் ஈரக்காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும். பழுதில்லை. துடைக்காதீர்கள், துடைத்தால் திரும்பவும் கோக்கும். லென்ஸைக் கழற்றவே கூடாது. கழற்றினால் ஈரம் உள்ளே சென்சர் வரை போகும். அரை மணி நேரம் காத்திருங்கள். அடுத்த தடவை பஸ்ஸிலிருந்து இறங்கும் முன்பே கமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஈரம் பைக்கு வெளியே கோக்கும், கமரா உள்ளே மெதுவாகச் சூடாகும்.

வானத்தில் கறுப்புப் புள்ளிகள்

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா? அப்படியானால் சென்சரில் தூசி. உறுதிப்படுத்த எஃப் 16இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள்; புள்ளிகள் இன்னும் தெளிவாக நிற்கும். எஃப் 4இல் அதே வானம் சுத்தமாகத் தெரிந்தால் சந்தேகமே இல்லை. ரப்பர்ப் பந்து ஊதியால், கமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள். வாயால் ஊதினால் தூசியோடு எச்சிலும் சேரும். கரைவலை இழுக்கும் இடத்தில் மணலில் நின்று லென்ஸ் மாற்றியவன் நான். அதன் விளைவைப் பல மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லென்ஸைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது உள்ளே சிலந்தி வலைபோல் மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது தூசி அல்ல, பூஞ்சணம். இதுவும் எனக்கு நடந்தது. மாரி தொடங்கியதும், மழையில் எங்கே போவது என்று கமராவைத் தோல் உறையோடு அலுமாரியில், பட்டுச் சேலைகளுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன். தை பிறந்து எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் ஒரு தோட்டம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இருட்டும் ஈரமும் காற்றோட்டமின்மையும் பூஞ்சணத்துக்கு விருந்து.

முற்றிவிட்டால் அது கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தும் தடம் போகாது. தொடக்கத்திலேயே கண்டால் லென்ஸ் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். வராமல் காப்பது எளிது. ரப்பர் விளிம்புள்ள இறுக்கமான சாப்பாட்டுப் பெட்டி ஒன்று வாங்குங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள். நீல நிறத்தில் வருவது ஈரம் குடித்து இளஞ்சிவப்பானதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பவும் போடலாம். சமையலுக்கு எடுக்கிற சட்டியில் மட்டும் சூடாக்காதீர்கள், அந்த நிறச்சாயம் நஞ்சு. அரிசி போட்டு வைக்கச் சொல்வார்கள். அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, அதன் மாவுத் தூள்தான் லென்ஸில் ஒட்டும். எல்லாவற்றையும்விட நல்லது, மாரியிலும் கமராவை வெளியே எடுத்துப் படமெடுப்பது.

வெளிச்சவீடு பின்னால் சாய்கிறது

முகத்துவாரத்து வெளிச்சவீடு 1913இல் கட்டியது. அது நேராகத்தான் நிற்கிறது. அடியில் நின்று கமராவை அண்ணாந்து பிடித்ததால் பக்கக் கோடுகள் மேலே ஒன்றையொன்று நெருங்குகின்றன. பின்னால் நடந்து போங்கள், கமராவை மட்டமாகப் பிடியுங்கள், கீழே அதிகமாக வரும் மண்ணைப் பிறகு வெட்டிவிடுங்கள். வாவியின் நீர்மட்டம் ஒரு பக்கம் சரிந்து, தண்ணீர் வடிந்துவிடும்போல் இருந்தால் கமராத் திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிலவு வெள்ளைப் பொட்டாக விழுகிறது

பௌர்ணமி இரவில், பாடும் மீன் கேட்கிறது என்று தோணியில் போகிறவர்களோடு சேர்ந்து போய்த் துடுப்பில் காதை வைத்தேன். கேட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். நிலவை எடுத்தேன், வெறும் வெள்ளைப் பொட்டு. இருண்ட வானத்தை நம்பிக் கமரா ஷட்டரை நெடுநேரம் திறந்துவிட்டது. நிலவோ வெயிலில் கிடக்கும் ஒரு பாறை. வெயிலுக்குரிய அளவே அதற்குப் போதும்: எஃப் 11, ஐ.எஸ்.ஓ 100, 1/100 வினாடி.

பொட்டு அடையாளத்தோடு வந்தாலும் மிளகளவுதான் இருக்கும். 55 மிமீ லென்ஸில் நிலவின் உருவம் சென்சரில் அரை மில்லிமீட்டர். இது பிழையல்ல, கணக்கு. நிலவைப் பெரிதாக்கக் கடன் வாங்கி லென்ஸ் வாங்க வேண்டாம். நிலவைச் சிறிதாகவே விட்டு, அதன் கீழே தோணியைப் பெரிதாக வையுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் படம் எடுபடவில்லை

கூர்மை உண்டு, வெளிச்சம் உண்டு, மட்டம் உண்டு. பார்க்கிறவர் “நல்லாயிருக்கிறது” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். அறுகம்குடாவில் அலைச்சறுக்குகிறவர்களைக் கரையில் நின்று எடுத்த நாற்பது படங்களிலும் எனக்கு இதுதான் நடந்தது. என் சந்தேகம் எப்போதும் தூரத்தின் மீது. கூச்சத்தில் நாம் தள்ளி நிற்கிறோம். கிட்டே போக அனுமதி கேட்க வேண்டும், அனுமதி கேட்கப் பேச வேண்டும். இதற்குக் கமராவில் பொத்தான் இல்லை.

மாமாவிடம் நான் பேசவே நான்கு மாதம் ஆனது. பேசிய பிறகு அவரே, “மனே, அங்கே நின்றால் என் முதுகுதான் தெரியும், இஞ்சாலே இறங்கு” என்று தண்ணீருக்குள் கூப்பிட்டார். தொடையளவு நீரில் நின்று, 1/1000இல், ஒற்றைப் புள்ளியை அவர் மார்பில் வைத்து எடுத்தேன். வலை முழு வட்டமாக விரிந்து, அதன் கண்களின் ஊடாக மறுகரைத் தென்னைகள் தெரிந்தன. வலையிலிருந்து தெறித்த துளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அரைப் பக்க அளவில் அச்சடித்து அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெளிச்சத்துக்குச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். பிறகு வட்டத்தின் வலது ஓரத்தில் ஓரிடத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார். அங்கே இரண்டு ஈயக் குண்டுகள் ஒன்றோடொன்று சிக்கி, விளிம்பு சற்று மடிந்திருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

“இது நல்ல வீச்சில்லை, மனே. இதை யாருக்கும் காட்டாதே. நாளைக்கு வா, சரியாக எறிந்து காட்டுகிறேன்.”